கன்னத்தில் வைக்காத கை

(தங்கச்சிமடத்தில் வாசகர் வட்டம் நடத்திய மகளிர் கூட்டத்தில் பேசியது. நண்பர்கள் கேட்டதால் எழுதிக் கொடுத்தேன். மேடையில் விட்டுப்போனதை இங்கும் விட்டுவிட்டேன்.)

அவைத் தலைவர் அவர்களே, பூசை நேரத்துக்குள் திரும்ப வேண்டும் என்று சொல்லிக்கொண்டே முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே, பாம்பனிலிருந்து மழையில் நனைந்து வந்திருக்கும் ஜமாத் தலைவர் அவர்களே, நாட்டுப்படகுச் சங்கத் தலைவர் அவர்களே, விசைப்படகுச் சங்கத் தலைவர் அவர்களே! இந்த இரண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்த நூலகர் தம்பியின் துணிச்சலுக்குத் தனியாக ஒரு வணக்கம். கொழுக்கட்டை அவித்துக் கொண்டுவந்த மகளிர் குழுவினரே, என்னிடம் படித்து இன்று என்னைவிட வயதானவர்கள் போல உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, மைக்செட் தம்பியே, அனைவருக்கும் வணக்கம். யார் பெயரையாவது விட்டிருந்தால் கோபிக்க வேண்டாம். போன வருடம் ஒருவரை விட்டுவிட்டு அவர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையே எனக்கு வராமல் போனது.

அழைப்பிதழில் ‘அரசாண்ட பெண்கள்’ என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். ஐந்து பகுதியாகக் குறிப்பு எடுத்து வந்திருக்கிறேன். ஒன்று, அரண்மனைப் பெண்கள். இரண்டு, கோர்ட்டுக்குப் போன ராணிகள். மூன்று, கட்சியில் வந்தவர்கள். நான்கு, டெல்லியின் ரஸியா சுல்தானாவும் மதுரையின் ராணி மங்கம்மாளும். ஐந்து, நம் கரைப் பெண்கள். எனக்குக் கொடுத்தது அரைமணி நேரம். அதில் பாதியை வரவேற்புரை சாப்பிட்டுவிட்டது. பார்ப்போம்.

தனுஷ்கோடியில் பிறந்தவர் எங்கள் ஆயா. 1964 டிசம்பர் புயலில் வீடும் போய், வலையும் போய், உடுத்திய சேலையோடு வந்தவர். அவர் வாயில் எப்போதும் இருக்கும் பழமொழி ஒன்றுதான்: கப்பலே கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே. பரீட்சையில் தோற்றாலும் இதுதான், மீன் குழம்பில் உப்பு கூடினாலும் இதுதான். சின்ன வயதில் நான் ஒருநாள் கேட்டேன். “சரி ஆயா, கன்னத்துல வைக்கக் கூடாது. அப்ப எங்க வைக்கிறது?” பதிலுக்கு அகப்பைதான் வந்தது. அந்தக் கேள்வியோடுதான் இன்றைக்கும் வந்திருக்கிறேன்.

நாம் உட்கார்ந்திருக்கும் ஊரின் பெயரையே எடுத்துக்கொள்வோம். தங்கச்சிமடம். பாம்பன் பக்கம் போனால் அக்காள்மடம். இரண்டுக்கும் ஊரில் சொல்லும் கதை உங்களுக்குத் தெரியும். ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதி மன்னர் ஒருவர் தன் மகள்கள் இருவரையும் ஒருவருக்கே கட்டிக் கொடுத்தார். மருமகன் பாம்பனில் அதிகாரம் பார்த்தார். அரசாங்கக் காசில் கை வைத்துவிட்டார் என்று மாமனாரே அவருக்கு மரணதண்டனை கொடுத்தார். அக்காவும் தங்கையும் சிதை ஏறினார்கள். அவர்கள் நினைவாக வழிப்போக்கர் தங்க இரண்டு மடம் கட்டினார்கள். பஸ் கண்டக்டர் தினமும் நூறு தடவை கூவுகிற பெயர்கள் இவை. நான் 31 வருடம் வகுப்பில் கேட்டிருக்கிறேன்: அந்த அக்கா பெயர் என்ன? தங்கச்சி பெயர் என்ன? ஒரு பிள்ளையும் சொன்னதில்லை. ஊருக்கே பெயராகிவிட்டார்கள், அவர்களுக்குப் பெயர் இல்லை!

வேலு நாச்சியாரைப் பற்றி நீட்டி முழக்கப் போவதில்லை. 1730இல் ராமநாதபுரம் அரண்மனையில் பிறந்தார், சிவகங்கைக்கு வாழ்க்கைப்பட்டார், 1772இல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதரைப் பறிகொடுத்தார், மகள் வெள்ளச்சியோடு விருப்பாச்சியில் எட்டு வருடம் காத்திருந்தார், ஹைதர் அலியின் உதவியோடு 1780இல் சிவகங்கையை மீட்டார். ஜான்சி ராணி வாள் எடுத்தது 1857இல். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 2008இல் தபால்தலை வந்துவிட்டது. சூரக்குளத்தில் மணிமண்டபம் இருக்கிறது, வெடிமருந்துக் கிடங்கில் பாய்ந்ததாகச் சொல்லப்படும் குயிலிக்கும் அங்கே நினைவிடம் இருக்கிறது. நம் பள்ளி மாறுவேடப் போட்டியில் வருடத்துக்கு ஆறு வேலு நாச்சியார் வருகிறார்கள். அட்டைக் கத்தி செய்யும் கடைக்காரருக்கு அதில் நல்ல வியாபாரம்.

எனக்கு மனதில் நிற்பவர், யாரும் வேடம் போடாத இன்னொரு அம்மா. அதே 1772. ராமநாதபுரத்தில் பட்டம் சிறுவன் முத்துராமலிங்க சேதுபதிக்கு. அவனுக்காக ஆட்சியைப் பார்த்துக்கொண்டவர் தாய் முத்துத் திருவாயி நாச்சியார். ஆற்காட்டு நவாபின் படையும் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையும் கோட்டைக்குள் புகுந்து, தாயையும் பிள்ளைகளையும் பிடித்துத் திருச்சிக் கோட்டையில் அடைத்தன. இங்கே முடித்த கையோடுதான் அந்தப் படை காளையார்கோவிலுக்குப் போனது. ஒரே மாதத்தில் இரண்டு அரண்மனைகளில் இரண்டு பெண்களின் கப்பல் கவிழ்ந்தது. ஒருவர் திண்டுக்கல் பக்கம் போய்ச் சேர்ந்தார், ஒருவர் சிறைக்குப் போனார். பையன் 1781இல் வெளியே வந்து அரசாண்டான். 1795இல் கம்பெனி அவனை இறக்கி மறுபடி சிறையில் போட்டது. திரும்பி வரவே இல்லை. பிறகு 1803இல் கம்பெனி ராமநாதபுரத்தை ஜமீனாக மாற்றி சனத்து, அதாவது உரிமைப் பத்திரம், எழுதிக் கொடுத்தபோது, அது யார் பெயரில் எழுதப்பட்டது தெரியுமா? சேதுபதியின் சகோதரி மங்களேஸ்வரி நாச்சியார் பெயரில். சேது நாட்டின் முதல் ஜமீன்தார் ஒரு பெண். அரசு போய் ஜமீனானதில் எனக்கும் பெருமை ஒன்றும் இல்லை. ஆனால் காகிதத்தில் ஒரு பெண்ணின் பெயர் ஏறியது. நான் அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

இனி கோர்ட்டுக்குப் போனவர்கள். வக்கீல்கள் யாராவது இருந்தால் தலையாட்டுவார்கள். சிவகங்கை ஜமீன்தார் கௌரி வல்லபர் 1829இல் காலமானார். சொத்து ஆண் பங்காளிகளுக்கா, மனைவி மகளுக்கா என்று வழக்கு. கைம்பெண் ராணி நடத்தினார். அவரும் காலமான பிறகு மகள் காத்தம நாச்சியார் எடுத்து நடத்தினார். கீழே தோற்றார், மேலே போனார். கடைசியில், அன்றைக்கு நமக்கு மேல்முறையீட்டின் கடைசிப் படியாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில், 1863இல், ஜமீன் மகளுக்கே என்று தீர்ப்புச் சொன்னது. 34 வருடம்! நம் ஆட்கள் வேலிக்கால் வழக்கில் மூன்று வாய்தாவுக்கே சலித்துக்கொள்கிறார்கள். கப்பலே கவிழ்ந்தாலும்... நீங்களே முடித்துவிடுங்கள். நன்றி.

ராமநாதபுரத்திலும் ஒரு ராணி. பர்வதவர்த்தினி நாச்சியார். கணவர் இல்லை, பெண் பிள்ளைகளும் இறந்துவிட்டார்கள். 1847இல் ஒரு பிள்ளையைத் தத்து எடுத்தார். ‘கணவர் அனுமதி எழுதி வைக்கவில்லை, தத்து செல்லாது, உங்களுக்குப் பிறகு ஜமீன் சர்க்காருக்கு’ என்றது கலெக்டர் தரப்பு. 1868இல் பிரிவி கவுன்சில் சொன்ன பதிலைச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் படிக்கிறார்கள்: தென்னாட்டில் கணவரின் தாயாதிகள் சம்மதித்தால் போதும், தத்து செல்லும். எழுதிவைத்த சாத்திரத்தைவிட, நிரூபிக்கப்பட்ட வழக்கத்துக்கு எடை அதிகம். அந்தத் தத்துப் பிள்ளையின் மகன்தான் பாஸ்கர சேதுபதி. 1897இல் விவேகானந்தர் பாம்பன் குந்துகாலில் இறங்கியபோது எதிர்கொண்டு அழைத்த மன்னர். குந்துகாலில் போய் செல்ஃபி எடுக்கும்போது, அந்தக் காட்சிக்குப் பின்னால் ஒரு பாட்டியின் கையெழுத்து இருக்கிறது என்று ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

சீட்டு வந்துவிட்டது. ‘பத்து நிமிடம்’ என்று எழுதியிருக்கிறார்கள். மங்கம்மாளும் ரஸியாவும் அடுத்த கூட்டத்துக்கு. கட்சிப் பெண்களை ஓடிக்கொண்டே பார்ப்போம். உலகத்தின் முதல் பெண் பிரதமர் எங்கிருந்து வந்தார்? 1960இல், இதோ நம் கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து. சிறிமாவோ பண்டாரநாயக்க. தமிழ்நாட்டில் 1988இல் ஜானகி அம்மாள் 24 நாள் முதல்வர், 1991இல் ஜெயலலிதா. நம் ராமநாதபுரம் தொகுதியிலிருந்து 2004இல் பவானி ராஜேந்திரன் நாடாளுமன்றத்துக்குப் போனார்.

ஒன்றை மட்டும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். சேதுபதி ஜமீனைச் சேர்ந்த, 285 ஏக்கர் கச்சத்தீவு கைமாறியதும் இரண்டு பெண்களின் கையெழுத்தில்தான். 1974 ஜூன் 26இல் கொழும்பில் சிறிமாவோ போட்டார், 28இல் டெல்லியில் இந்திரா காந்தி போட்டார். பெண் போட்டது என்பதற்காக எல்லாக் கையெழுத்துக்கும் கைதட்டச் சொல்ல மாட்டேன். சங்கத் தலைவர்கள் இரண்டு பேரும் ஒன்றாகத் தலையாட்டுகிறார்கள், இந்த மண்டபத்தில் இது முதல் தடவையாக இருக்கும்.

சரி, இப்போது என் சொந்தக் கதை. காதுகுத்து வீட்டில்கூட இதைச் சொல்லியிருக்கிறேன், கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சில வருடங்களுக்கு முன்பு, கரையோரப் பஞ்சாயத்து ஒன்று. எந்த ஊர் என்று கேட்காதீர்கள், இங்கேயே சொந்தக்காரர்கள் இருப்பார்கள். கடற்கரையில் மீன் பிரிக்கும் பெண்களுக்குக் கழிப்பறை கட்ட வேண்டும். பிளான் போட்டாயிற்று. தலைவர் கையெழுத்து வேண்டும். தலைவர் ஒரு பெண். நான் அலுவலகத்துக்குப் போனால் நாற்காலியில் வேட்டியோடு ஒருவர்.

“தலைவர் இல்லையாப்பா?”

“நான்தான் டீச்சர், சொல்லுங்க.”

“போர்டுல பொம்பளை பேருல்ல இருக்கு?”

“என் வீட்டுக்காரிதான். குடுங்க, போட்டுத் தர்றேன்.”

“எனக்குத் தலைவர் கையெழுத்து வேணும்.”

“ரெண்டும் ஒண்ணுதான் டீச்சர். நான் போடுறது அவ போடுறதைவிடத் தெளிவா இருக்கும்.”

பொய்யில்லை, முத்து முத்தாகப் போடுவாராம். சீல் எங்கே என்றேன். வீட்டில், அரிசிப் பானையில் பத்திரமாக இருக்கிறது என்றார். தலைவர் எங்கே? “பாசிக்குப் போயிருக்கா.” கேட்டீர்களா, தலைவர் கடலுக்குள்ளே, நாற்காலி கரையிலே, சீல் அரிசிக்குள்ளே!

நானும் விடவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு கரையில் உட்கார்ந்தேன். மூன்று மணிக்கு வல்லம் வந்தது. ஏழெட்டுப் பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி வருகிறார்கள். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, நெற்றியில் ஏற்றிவிட்ட நீர்க்கண்ணாடி, பாறை குத்தாமல் இருக்கக் காலில் கட்டிய தகரத் தட்டு, விரல் ஒவ்வொன்றிலும் துணிச் சுற்று. மூச்சைப் பிடித்து முங்கி, பாறையிலிருந்து பிய்த்த மரிக்கொழுந்துப் பாசி சாக்கில் சொட்டிக்கொண்டிருந்தது. அதில் நடுவில் வந்தவர்தான் தலைவர். “என்ன டீச்சர், இங்க வந்து உக்காந்திருக்கீக?”

காகிதத்தை நீட்டினேன். விரல் துணியைப் பல்லால் கடித்து அவிழ்த்தார். விரல்நுனி வெளுத்துச் சுருங்கி, பேனா நிற்கவில்லை. சேலையில் துடைத்தார், சேலையும் ஈரம். என் முந்தானையை நீட்டினேன், துடைத்துக்கொண்டார். இப்போது போடுவார் என்று பார்த்தால், காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். எழுத்துக்கூட்டிப் படிக்கிறார். பிளானில் விரலை வைத்தார்.

“டீச்சர், இது கதவா?”

“ஆமா.”

“இது கடலா?”

“ஆமா.”

“அப்ப கதவு கடலைப் பாத்து இருக்கு. படகு அம்புட்டும் அங்கனதான கட்டுவாக? ஆம்பளைக முன்னால ஒருத்தி எப்படி டீச்சர் உள்ள போவா? மாத்திட்டு வரச் சொல்லுங்க. அப்புறம் போடுறேன்.”

கையெழுத்துப் போடவில்லை! பிளான் போட்ட பொறியாளர் ஆண், பார்த்த அதிகாரி ஆண், முத்து முத்தாகப் போடும் கணவரும் ஆண். பெண்ணாகிய நானே அந்தக் கதவைக் கவனிக்கவில்லை. கவனித்தது நாள் முழுக்க அந்தக் கரையில் நிற்கிறவர் மட்டும். மூன்று வாரம் கழித்துக் கதவு தென்னந்தோப்புப் பக்கம் திரும்பி வந்தது. அன்றைக்குப் போட்டார். நாலு எழுத்துப் பெயர், கோணல்மாணலாக. சீலை அவரே அரிசிப் பானைக்குள் கைவிட்டு எடுத்தார்.

ஆயாவிடம் கேட்ட கேள்விக்கு எனக்கு அன்றைக்குத்தான் பதில் கிடைத்தது.

தமிழ்நாட்டு உள்ளாட்சியில் மூன்றில் ஒரு பங்கோடு பெண்கள் வந்தது 1996இல். பாதி இடம் பெண்களுக்கு என்று சட்டம் ஆனது 2016இல். எண்ணிக்கை வந்துவிட்டது. நாற்காலி வந்ததா? அதனால் நான் மனு ஒன்று எழுதியிருக்கிறேன், கலெக்டருக்கு. வாசித்துக்காட்ட நேரமில்லை, கேட்பது இரண்டுதான். தலைவர் பெண்ணாக இருக்கும் ஊரில் கூட்டம் நடக்கும்போது அவர் நாற்காலியில் அவரே உட்கார வேண்டும், கணவரோ மைத்துனரோ உட்கார்ந்து நடத்தும் கூட்டம் செல்லாது என்று அறிவிக்க வேண்டும். சீல் அலுவலகத்தில் பூட்டி இருக்க வேண்டும், சாவி அவர் இடுப்பில் இருக்க வேண்டும். மேடையில் இருக்கும் பெரியவர்கள் நால்வரும் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். பங்குத்தந்தை பச்சை மையில் போட்டிருக்கிறார், அழகாக இருக்கிறது.

அடுத்த சீட்டும் வந்துவிட்டது, இதில் ‘போதும் டீச்சர்’ என்றே எழுதியிருக்கிறார்கள். மனுவுக்குக் கையெழுத்து வாங்கும் நோட்டு வாசலில், டீக் கேன் பக்கத்தில் இருக்கிறது. கொழுக்கட்டை அதற்கு அடுத்த மேசையில், வரிசை அப்படித்தான் போட்டிருக்கிறேன். ‘இன்னார் மனைவி’ என்று எழுத வேண்டாம், உங்கள் பெயர் போதும். கைநாட்டு வைப்பவர்களுக்கு மை இருக்கிறது. பேனாவை நூலில் கட்டிவைத்திருக்கிறேன், இழுத்துப் பார்க்காதீர்கள், போன கூட்டத்தில் மூன்று போனது. வணக்கம்.