சுவர்ப் படத்தில் 3,500, வானத்தில் 950

வணக்கம். போன வாரம் வந்த கேள்விகளில் ஒன்று என்னை விடவே இல்லை. நேயர் ஒருவர் கேட்கிறார்: "நார்வேயின் வடக்கில் ட்ரோம்சோ விமான நிலையம். அங்கிருந்து ஸ்வால்பார்ட் தீவுகளில் உள்ள லாங்யர்பியென் விமான நிலையம். வீட்டுச் சுவரில் இருக்கும் உலகப் படத்தில் ஸ்கேல் வைத்து அளந்தேன், 3,500 கிலோமீட்டர் வருகிறது. ஆனால் விமானம் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடுகிறதாம். எங்கே தப்பு?"

ஸ்கேல் எடுத்து அளந்திருக்கிறார் பாருங்கள், அதுவே எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஐயா, நீங்கள் அளந்தது சரி. படம்தான் அப்படி.

உங்கள் சுவரில் இருப்பது மெர்கேட்டர் என்பவர் வகுத்த முறையிலான படம். அதைப் பற்றி முன்பே நிறையப் பேசியிருக்கிறோம். 1569-ல் மாலுமிகளுக்காக வரைந்தது. திசை பிசகக்கூடாது என்பதற்காக, வடக்கே போகப் போக எல்லாவற்றையும் இழுத்துப் பெரிதாக்கிவிடும். ட்ரோம்சோவில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு, லாங்யர்பியெனில் ஐந்து மடங்கு. நீங்கள் பயன்படுத்திய அளவு நிலநடுக்கோட்டுக்குத்தான் பொருந்தும்.

இதற்கு மனக்கணக்கே போதும். இரண்டு ஊரும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில் இருக்கின்றன. அட்சரேகையில் ட்ரோம்சோ வடக்கே 69.7 பாகை, லாங்யர்பியென் 78.25. வித்தியாசம் எட்டரைக்குச் சற்று மேல். ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் என்றால் 950 சொச்சம். மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் அது ஒன்றேகால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, இறங்குவது எல்லாம் சேர்ந்தால் நீங்கள் சொன்ன நேரம் வந்துவிடும்.

அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: உலக உருண்டையை எடுங்கள், இரண்டு ஊருக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடியுங்கள். இப்போதே இன்னொன்று செய்து பாருங்கள். லாங்யர்பியெனிலிருந்து அலாஸ்காவின் வடமுனையில் இருக்கும் உட்கியாக்விக், முன்பு பாரோ என்று அழைக்கப்பட்ட ஊர். சுவர்ப் படத்தில் ஒன்று நடுவில், மற்றது இடது ஓரத்தில். உருண்டையில் நூல் வடதுருவத்தை ஒட்டியே போகும், சுமார் 3,400 கிலோமீட்டர்தான். நேராகப் பறந்தால் நாலரை மணி நேரம். ஆனால் நேர் விமானம் கிடையாது. தெற்கே ஆஸ்லோவுக்கு இறங்கி, விமானம் மாறி மாறி ஆங்கரேஜ் போய், மறுபடி வடக்கே ஏற வேண்டும்.

அப்புறம், நீங்கள் கேட்டிருக்கக்கூடாதா என்று நான் ஏங்கும் கேள்வி ஒன்று உண்டு. 1975-க்கு முன்னால் ட்ரோம்சோ–லாங்யர்பியென் பயணத்துக்கு எவ்வளவு நேரம் ஆனது? அந்த ஆண்டில்தான் லாங்யர்பியெனில் இப்போதைய விமான நிலையம் திறந்தது. கோடையில்கூட அடியில் உருகாத உறைமண்ணின் மேல் போட்ட ஓடுபாதை அது. அதற்கு முன் அது பெரும்பாலும் கப்பலை நம்பியிருந்த நிலக்கரிச் சுரங்க ஊர். குளிர்காலத்தில் கடல் உறைந்ததும் கப்பல் நின்றுவிடும். விமானமே வராத பழைய நாட்களில் கடைசிக் கப்பலைத் தவறவிட்ட தொழிலாளிக்கும் தூரம் இதே 950 கிலோமீட்டர்தான். அவர் வசந்தத்தில் பனி விலகும்வரை காத்திருக்க வேண்டும்.