கேம் கட்டத்துக்குள் வந்தால் பிள்ளை வாசிக்கும்

நடுவர் அவர்களே, கொழிஞ்சாம்பாறை வாசகசாலையில் கூடியிருக்கும் பெற்றோர்களே, பிள்ளைகளே, வணக்கம்.

"வீடியோ கேம் உயிர்பெற்று வரும் சித்திரக்கதையைக் கொடுத்தால் பிள்ளை மறுபடி போனைத்தான் கேட்கும், படம் பார்ப்பது வாசிப்பே அல்ல" என்றார் எதிரணித் தலைவர். கேரளத்தில் நூலக இயக்கத்தை வளர்த்த பி.என். பணிக்கர் மறைந்த ஜூன் 19-ஐ வாசிப்பு நாளாகக் கொண்டாடும் மண்ணில் நின்று இதை மறுக்கிறேன்.

1978-இல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ் என்ற வீடியோ கேமை எடுத்துக்கொள்ளுங்கள் ஐயா. வேற்றுக்கிரகக் கூட்டம் மேலிருந்து இறங்கி வரும். வரிசைக்கு 11 வீதம் 5 வரிசை, மொத்தம் 55 எதிரிகள். சுட்டு வீழ்த்த வீழ்த்த, மிச்சமிருப்பவை வேகமெடுக்கும். காரணம், அந்த எந்திரம் ஒவ்வொன்றாகத்தான் அவற்றை நகர்த்தியது; எண்ணிக்கை குறைந்ததும் ஒரு சுற்று சீக்கிரம் முடிந்தது. ஆடும்போது இதை யோசிக்க நேரமேது? அதே கூட்டம் நம் பனைமர வரப்பில் இறங்குவதாக வரைந்து பாருங்கள். முதல் படக்கட்டத்தில் 55, அடுத்ததில் 30, அதற்கடுத்ததில் 6. கட்டத்துக்குக் கட்டம் அவை தாண்டும் பனைகள் மட்டும் கூடிக்கொண்டே போகின்றன. வேகம் ஏன் கூடியது என்று எந்தப் பேச்சுப் பலூனும் சொல்லாது. பிள்ளை பக்கத்தைத் திருப்பி எண்ணிப் பார்த்துக் கண்டுபிடிக்கும். அது வாசிப்பு இல்லையென்றால் எது வாசிப்பு?

1980-இல் வந்த பேக்மேன் கேமில், புதிர்ப்பாதையில் ஓடும் பேக்மேனைச் சிவப்புப் பேய் நேராகத் துரத்தும். இளஞ்சிவப்புப் பேய் அவனுக்கு நாலு சதுரம் முன்னால் போய் மறிக்கப் பார்க்கும். 256-ஆம் நிலையில் பாதித் திரை குப்பையாகிவிடும், ஏனென்றால் நிலையை எண்ணும் 8 பிட் இடத்தில், அதாவது 0, 1 மட்டும் கொள்ளும் எட்டு இலக்கங்களில், 255-க்கு மேல் கொள்ளாது. கதையில் பாதித் தெரு அப்படிக் குலைந்தால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை "ஏன் 256?" என்று கேட்கும். கணக்கு டீச்சருக்கு இதைவிட நல்ல வாசல் உண்டா?

போனில் விரல் நகர்ந்தால் பாத்திரம் நகரும். புத்தகத்திலோ, இரண்டு கட்டங்களுக்கு நடுவே உள்ள வெள்ளை இடைவெளியில் நடந்ததைப் பிள்ளையின் மனசுதான் நிரப்ப வேண்டும்.

மோசமான சித்திரக்கதைகளும் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆங்கிலத்துக்கு வரைந்த பலூனில் தமிழை அடைத்தால், "ஓடிக்கொண்டிருக்கிறான்" இரண்டு வரியாக உடையும். எழுத்தைச் சுருக்கினால், மட்டமான தாளில் மை பரவி ண, ஞ இவற்றின் சுழிகள் அடைபடும். ஒரே உயரத்தில் இரண்டு பலூன் இருந்தால், பதிலை முதலில் படித்துவிட்டுக் கேள்விக்கு வரும் பிள்ளை. முதலில் பேசுபவரின் பலூன் இடப்பக்கம் சற்று மேலே இருக்க வேண்டும். ஒரு பலூனுக்கு 15 சொல்லுக்கு மேல் வேண்டாம். இவை பதிப்பாளர் திருத்த வேண்டிய குறைகள். இதற்காகப் பிள்ளை கையிலிருக்கும் புத்தகத்தைப் பிடுங்குவது நியாயமா?

வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம் என்று வளரும் நம் எல்லைப் பிள்ளைகளுக்கு இந்தப் புத்தகம் இன்னும் அவசியம். பத்தியில் ஒரு சொல் புரியாவிட்டால் அங்கேயே நின்றுவிடும் பிள்ளைக்கு, கட்டத்தில் முகமும் கையும் அர்த்தம் சொல்கின்றன. ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கடைசிக் கட்டத்தின் பலூன்களை மட்டும் தாள் ஒட்டி மறையுங்கள். அதுவரை வந்த கேம் விதிப்படி அங்கே யார் என்ன பேசியிருப்பார்கள் என்று பிள்ளையைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். பிறகு தாளை எடுத்து ஒப்பிடட்டும். விதியை மீறி எழுதியிருந்தால், பக்கத்து இருக்கைப் பிள்ளையே எந்தக் கட்டத்தில் தப்பு என்று விரல் வைத்துக் காட்டிவிடும்.