கடலுக்குப் போன எல்லை

வணக்கம் நேயர்களே. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு வெளியேறிய பிரெக்ஸிட் என்றாலே லண்டன், பிரஸ்ஸல்ஸ் என்றுதான் பேசுகிறோம். அந்த முடிவின் பாரத்தை அதிகம் சுமந்தது, பிரிட்டனின் ஒரு பகுதியான வட அயர்லாந்து. அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

2016 ஜூன் 23 வாக்கெடுப்பில் நாடு முழுக்க 52 சதவீதம் பேர் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு வெளியேற வாக்களித்தார்கள். வட அயர்லாந்திலோ சுமார் 56 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். காரணம் இருக்கிறது. அவர்களுக்கும், ஒன்றியத்திலேயே இருக்கும் தனி நாடான அயர்லாந்துக் குடியரசுக்கும் நடுவே சுமார் 500 கிலோமீட்டர் நில எல்லை, அதைக் கடக்க இருநூறுக்கும் மேற்பட்ட வழிகள். இன்றைக்கு அதில் காரில் போனால் எல்லை தாண்டியதே தெரியாது, வேகப் பலகை மைலிலிருந்து கிலோமீட்டருக்கு மாறும், அவ்வளவுதான். ஆனால் பிரிட்டனோடு இருக்க விரும்பியவர்களுக்கும் அயர்லாந்தோடு சேர விரும்பியவர்களுக்கும் நடந்த முப்பது வருட மோதலில் ஏறக்குறைய 3,500 பேர் செத்த மண் அது. அந்தக் காலத்தில் அதே சாலைகளில் ராணுவச் சோதனைச் சாவடிகள் நின்றன. அந்த மோதலை முடித்துவைத்த 1998 புனித வெள்ளி சமாதான உடன்படிக்கைக்குப் பிறகுதான் படிப்படியாக எல்லாம் அகன்றன.

சரி, பிரிட்டன் வெளியேறியதும் என்ன சிக்கல்? ஒன்றியத்தின் சந்தைக்குள் நுழையும் சரக்கை எங்காவது ஓரிடத்தில் சோதித்தாக வேண்டும். நில எல்லையில் சோதித்தால் சமாதானத்துக்கே ஆபத்து. அதனால் சோதனையைக் கடலுக்குக் கொண்டுபோனார்கள். வட அயர்லாந்து சரக்கு விஷயத்தில் ஒன்றியத்தின் விதிகளைப் பின்பற்றும், ஸ்காட்லாந்திலிருந்தோ இங்கிலாந்திலிருந்தோ வருவதை பெல்ஃபாஸ்ட், லார்ன் போன்ற துறைமுகங்களில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. அதாவது ஒரே நாட்டுக்குள் சரக்கு அனுப்பவே படிவம், கால்நடை மருத்துவர் சான்றிதழ். 2020 டிசம்பரில் பிரிட்டனும் ஒன்றியமும் செய்த வணிக ஒப்பந்தத்தில் சுங்கவரி இல்லைதான், ஆனால் வரி இல்லையென்றால் காகித வேலையும் இல்லை என்று அர்த்தமில்லை. பெரிய சூப்பர் மார்க்கெட்டுக்கு அதற்கென்று ஆள் இருக்கிறது, நாற்று விற்கும் சின்னக் கடைக்காரருக்கு யார் இருக்கிறார்கள்?

வேறு வழி இல்லாததால் கடலைத் தேர்ந்தது சரியென்றே நான் நினைக்கிறேன். எனக்குக் கோபம் வருவது, அதை மக்களிடம் நேராகச் சொல்லாததில். படிவம் கேட்டால் குப்பைத்தொட்டியில் போடுங்கள் என்று 2019 நவம்பரில் அங்குள்ள வணிகர்களிடம் சொன்னவர் அன்றைய பிரதமர் போரிஸ் ஜான்சன். நம்பியவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! பிரிட்டனோடு இணைந்தே இருக்க விரும்பும் யூனியனிஸ்ட்டுகள் தாங்கள் கைவிடப்பட்டதாக உணர்ந்தார்கள். அவர்களின் பெரிய கட்சியான டியுபி (ஜனநாயக யூனியனிஸ்ட் கட்சி) 2022 பிப்ரவரியில் ஆட்சியைவிட்டு வெளியேறியது, இரு தரப்பும் பகிர்ந்து நடத்த வேண்டிய வட அயர்லாந்தின் ஸ்டோர்மான்ட் அரசே இரண்டு வருடம் இயங்கவில்லை.

நடுவில், 2023இல் இந்த ஏற்பாட்டைத் திருத்த பிரிட்டனும் ஒன்றியமும் செய்த வின்ட்சர் கட்டமைப்பு வந்தது. வட அயர்லாந்திலேயே விற்கப்போகும் சரக்குக்குப் பச்சைத் தடம், தெற்கே அயர்லாந்துக் குடியரசுக்குப் போகக்கூடியதற்குச் சிவப்புத் தடம். பல உணவுப் பொட்டலங்களில் 'ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அல்ல' என்று அச்சடித்தார்கள். சுமை குறைந்தது, தீரவில்லை. உணவு, தாவரச் சோதனைகளைப் பெருமளவு குறைக்க 2025 மே மாதம் இரு தரப்பும் கொள்கை அளவில் ஒத்துக்கொண்டன. அதற்கு விலை, அந்தத் துறைகளில் பிரிட்டன் முழுவதுமே ஒன்றியத்தின் விதிகளைப் பின்பற்றுவது.

அங்குள்ள சட்டமன்றத்துக்கு இதில் ஒரு உரிமை உண்டு, இந்த ஏற்பாடு நீடிக்கலாமா என்று வாக்களிக்கலாம். 2024 டிசம்பரில் 48க்கு 36 என்ற கணக்கில் நீடிக்கட்டும் என்றது, யூனியனிஸ்ட்டுகளில் ஒருவர்கூட ஆதரிக்கவில்லை. யூனியனிஸ்ட்டுகள், அயர்லாந்தோடு சேர விரும்புவோர் என்ற இரு தரப்பின் ஒப்புதலும் கிடைத்திருந்தால் எட்டு வருடம் தொடர்ந்திருக்கும், கிடைக்காததால் நான்கே வருடம். 2028இல் மறுபடி அதே கேள்வி அவர்கள் முன்னால் வரும்.

நன்றி நேயர்களே.