பால் கசந்த வீடு: நோரா இக்ஸ்டெனாவின் நாவலுலகம்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

பால்டிக் கடலோர நாடான லாத்வியாவின் தலைநகர் ரீகாவில் 1969ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் ஒரு பெண் குழந்தை பிறக்கிறது. பெற்றவள் இளம் மருத்துவர். பச்சிளம் குழந்தைக்குத் தாய்ப்பால் எத்துணை இன்றியமையாதது என்பதை அவளுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அவள் வீட்டைவிட்டு எங்கோ போய்விடுகிறாள். ஐந்து நாள் கழித்து நோகும் மார்போடு திரும்பும்போது பால் நின்றுவிட்டிருக்கிறது. அதற்குள் பாட்டி பதறிப்போய்ப் பேத்திக்குக் கெமோமில் பூத் தேநீரைப் புகட்டியே இரண்டு நாளை ஓட்டிவிட்டு, குழந்தை உணவு தரும் நிலையத்துக்கு ஓடுகிறாள். அங்கிருந்த மருத்துவர் ரஷ்ய மொழியில் அந்தத் தாயை வசைபாடுகிறார். ஆனாலும் புட்டிப்பாலுக்கான சீட்டை எழுதிக் கொடுக்கிறார்.

லாத்விய எழுத்தாளர் நோரா இக்ஸ்டெனா 2015இல் வெளியிட்ட ‘மாதெஸ் பியென்ஸ்’ என்னும் நாவல் இப்படித்தான் தொடங்குகிறது. தலைப்பின் பொருள் ‘தாய்ப்பால்’ என்பதே. முதற்சொல்லைக் கேட்டவுடன் நம் காதில் ‘மாதா’ ஒலிக்கிறதல்லவா? லாத்விய மொழியும் சமஸ்கிருதமும் ஒரே மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தவை. சற்றேறக்குறைய 15 லட்சம் பேரே தாய்மொழியாகப் பேசும் அந்த மொழியில் எழுதப்பட்ட இந்த நாவல்தான் இக்ஸ்டெனாவின் பெயரை அந்நாட்டு எல்லைக்கு வெளியே கொண்டு சேர்த்தது.

இக்ஸ்டெனா 1969 அக்டோபர் 15ஆம் நாள் ரீகாவில் பிறந்தவர். நாவலில் வரும் மகளும் அதே நாளில்தான் பிறக்கிறாள். லாத்வியப் பல்கலைக்கழகத்தில் மொழியியலும் இலக்கியமும் பயின்று, பின்னர் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படித்தார். முதல் நாவல் 1998இல் வந்தது. நாவல்களோடு சிறுகதைகளும் வாழ்க்கை வரலாறுகளும் எழுதினார். கடலோர நகரமான வென்ட்ஸ்பில்ஸில் எழுத்தாளர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் தங்கிப் பணிசெய்ய ஓர் இல்லம் உருவானதில் இவருக்குப் பங்குண்டு. சிறிய மொழி ஒன்று பிழைத்திருக்க மொழிபெயர்ப்பாளர்களுக்குக் கூரை அமைத்துக்கொடுப்பது ஒரு நாவல் எழுதுவதற்கு நிகரான பணி என்றே நான் கருதுகிறேன்.

அந்தத் தாய் ஏன் பால் கொடுக்க மறுத்தாள்? விடை அவள் பிறந்த காலத்தில் இருக்கிறது. 1940இல் சோவியத் படை லாத்வியாவுக்குள் புகுந்தது; 1941இல் ஜெர்மானியர் வந்தனர்; 1944இல் சோவியத் படை மீண்டும் வந்து, அரை நூற்றாண்டுக்காலம் அகலவில்லை. 1941 ஜூன் 14 அன்று 15,000க்கும் மேற்பட்டோரும், 1949 மார்ச் 25இல் தொடங்கிய சில நாட்களில் 42,000க்கும் மேற்பட்டோரும் சரக்கு ரயில் பெட்டிகளில் ஏற்றப்பட்டுச் சைபீரியாவுக்கும் பிற தொலைநிலங்களுக்கும் கொண்டுசெல்லப்பட்டனர். தாய் பிறந்தது 1944 அக்டோபரில், ரீகா கைமாறிய அதே மாதத்தில். அவளுடைய தந்தையையும் அந்த ஆட்சி பறித்துக்கொண்டது. தன் உடம்புக்குள் இறங்கிவிட்ட கசப்பு பாலின் வழியாக மகளுக்கும் போய்விடும் என்று அவள் அஞ்சினாள். பெற்ற பிள்ளையைக் காப்பாற்ற அவளுக்குத் தெரிந்த ஒரே வழி பாலை மறுப்பதுதான். இதை அன்பின்மை என்று படிப்பவர்கள் நாவலையே தவறவிடுகிறார்கள்.

நாவலில் தாயும் மகளும் மாறி மாறித் தத்தம் குரலில் பேசுகிறார்கள், இருவருக்கும் பெயரில்லை. தாய் லெனின்கிராடில் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) கருவுறுதல் குறித்த ஆராய்ச்சியில் ஈடுபட்டு, குழந்தையில்லாத செராபிமா என்னும் பெண் கருத்தரிக்க உதவுகிறாள். அந்தப் பெண்ணை அடித்துத் துன்புறுத்திய கணவன் போர்வீரன் என்ற பெருமையோடு உலவுகிறவன். தாய் அவனைத் தாக்கிவிடுகிறாள். அந்த ஒரு நாளோடு ஆராய்ச்சியும் எதிர்காலமும் முடிந்து, லாத்வியக் கிராமம் ஒன்றின் சிறு மருத்துவ நிலையத்துக்கு அவள் தள்ளப்படுகிறாள். பிறர் வயிற்றில் உயிர் தழைக்க வழிசெய்தவளுக்குத் தன் உயிரின்மேல் பிடிப்பில்லாமல் போகிறது. சிறுமியான மகள்தான் அவளை மீண்டும் மீண்டும் வாழ்வின் பக்கம் இழுக்கிறாள். யார் தாய், யார் மகள் என்பது அந்த வீட்டில் தலைகீழாகிவிடுகிறது.

நாவலில் என்னை மிகவும் உலுக்கியது பள்ளிக்கூடத்துப் பால்தான். எல்லாப் பிள்ளைகளும் குடித்தாக வேண்டிய அந்தப் பாலின் வாடையே மகளுக்குக் குமட்டுகிறது. தாய் கொடுக்க மறுத்தது ஒரு பால். அரசு கட்டாயப்படுத்திக் குடிக்க வைப்பது இன்னொரு பால். இக்ஸ்டெனா இதை விளக்கி ஒரு சொல்லும் எழுதவில்லை. ஒரு குழந்தையின் தொண்டையில் அதை நிறுத்திவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்.

மார்கிதா கைலிடிஸ் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 2018இல் ‘சோவியத் பால்’ என்னும் தலைப்பில் வந்தது. விற்பனைக்கு அது உதவியிருக்கலாம். எனினும் மூலத் தலைப்பின் வலிமை அதில் குறைகிறது என்பது என் எண்ணம். ‘சோவியத்’ என்ற சொல் குற்றவாளியைத் தொலைவில் நிறுத்திக் காட்டிவிடுகிறது. ‘தாய்ப்பால்’ என்னும்போதோ நஞ்சு எவ்வளவு அருகில் வந்துவிட்டது என்று உடம்பு சிலிர்க்கிறது. இனாரா கோல்மனேயின் இயக்கத்தில் இந்த நாவல் 2023இல் திரைப்படமாகவும் வந்தது.

நம்மில் பலர் மாஸ்கோவில் அச்சாகி வந்த தமிழ் நூல்களைக் குறைந்த விலைக்கு வாங்கிப் படித்து வளர்ந்தவர்கள். வழுவழுப்பான அந்தத் தாள்களின் மணம் இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. அவற்றால் நான் பெற்றதை மறுக்க மாட்டேன். அதே ஆண்டுகளில் அதே நாட்டின் எல்லைக்குள் ரீகாவில் ஒரு வீட்டில் என்ன நடந்தது என்பதை இக்ஸ்டெனாதான் எனக்குச் சொன்னார்.

1989 ஆகஸ்ட் 23 அன்று எஸ்டோனியா, லாத்வியா, லித்துவேனியா ஆகிய மூன்று நாடுகளின் மக்கள் ஏறத்தாழ 20 லட்சம் பேர் சோவியத் ஆட்சியிலிருந்து விடுதலை கோரி 600 கிலோமீட்டருக்கும் மேலான தொலைவுக்குக் கைகோத்து நின்றனர். லாத்வியா 1991 ஆகஸ்டில் முழு விடுதலை பெற்றது. நாவலில் வரும் தாய் அதைக் காணவில்லை. மகள் கண்டாள், அவளுக்கு அப்போது வயது 21.