ராத்திரி பத்து மணி மிக்சரும் காலை எட்டு மணி டயட்டும்

எல்லாருக்கும் வணக்கம். இன்னிக்கு மேஜை மேல மூணு சாமான் இருக்கு. 200 கிராம் மிக்சர் பாக்கெட், ஒரு சமையல் தராசு, ஒரு சின்னக் கிண்ணம். மனசு சரியில்லாதப்ப சாப்பிடுறது, டயட்ட ரெண்டு வாரத்துக்கு மேல கொண்டுபோக முடியாம விட்டுடுறது, இந்த ரெண்டையும் சேர்த்தே பேசப்போறேன். நிறைய வீடுகள்ல ரெண்டுக்கும் வேர் ஒண்ணுதான்.

வழக்கமா எப்படிப் போகும்? திங்கட்கிழமை ஆரம்பிப்பாங்க. காலைல ஒரு டம்ளர் ஓட்ஸ் கஞ்சி, இல்லன்னா வெறும் காபி. மத்தியானம் ஒரு கரண்டி சோறும் கீரையும். நாலு மணி வரைக்கும் சிரமமே தெரியாது. ஆறு மணிக்கு வீட்டுக்கு வர்றப்போ ஆபீஸ்ல வாங்கின திட்டு, பிள்ளையோட மார்க், தவணைக் கவலை எல்லாம் கூடவே வரும். ராத்திரி எல்லாரும் படுத்தப்புறம் டப்பா மூடி திறக்கும். மறுநாள் காலைல, "எனக்கு வாயைக் கட்டவே தெரியல"ன்னு தன்னைத்தானே திட்டிக்குவாங்க. தயவுசெஞ்சு அப்படித் திட்டாதீங்க. அந்த டயட் பத்து மணிக்கு உடையல. காலைல எட்டு மணிக்கு வயித்துக்குக் கொடுக்காம விட்டப்பவே விரிசல் விட்டாச்சு.

1944-45ல அமெரிக்காவுல மினசோட்டா பல்கலைக்கழகத்துல ஆன்சல் கீஸ்ங்கிற ஆராய்ச்சியாளர் ஒரு பரிசோதனை நடத்தினார். தாங்களா முன்வந்த 36 ஆரோக்கியமான இளைஞர்கள். ஆறு மாசம் நாளுக்குச் சுமார் 1,600 கலோரிதான் சாப்பாடு, வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடை. அவங்களுக்கு என்ன ஆச்சு தெரியுமா? பேச்சு, கனவு எல்லாமே சாப்பாடா மாறிடுச்சு. சமையல் புத்தகம் சேர்க்க ஆரம்பிச்சாங்க. தட்டை நக்கினாங்க. எரிச்சல், மனச்சோர்வு வந்துச்சு. கட்டுப்பாடு எடுத்தப்புறம் வயிறு முட்டச் சாப்பிட்டும் "இன்னும் பசிக்குது"ன்னு சொன்னவங்க உண்டு. மன உறுதி பார்த்துப் பொறுக்கி எடுத்த ஆளுங்களுக்கே இந்த நிலைமை. இன்னிக்கு வாட்ஸ்அப்ல சுத்துற எத்தனையோ டயட் சார்ட்ல 1,200னு போட்டிருக்கு. எனக்கு அதைப் பார்த்தாலே கோபம் வருது.

உடம்பும் சும்மா இருக்காது. ஆஸ்திரேலியாவுல நடத்தி 2011ல வெளியான ஆய்வுல 50 பேர் பத்து வாரம் மிகக் குறைஞ்ச கலோரில இருந்தாங்க. பசியத் தூண்டுற கிரெலின்ங்கிற ஹார்மோன் ஏறிச்சு, போதும்னு சொல்ற லெப்டின்ங்கிற ஹார்மோன் இறங்கிச்சு. ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்தப்பவும் அது பழைய நிலைக்குத் திரும்பல. தூக்கம் குறைஞ்சாலும் இதே கதைதான். திடீர்னு வர்ற பதற்றம் பசிய அடக்கும். ஆனா நாள்கணக்கா இழுக்குற கவலைல கார்ட்டிசால்ங்கிற மன அழுத்த ஹார்மோன் கூடிக்கிட்டே இருந்தா, இனிப்பும் எண்ணெய்யும் தேடும். காலைல பட்டினி, சாயங்காலம் கவலை. ரெண்டும் ஒரே நேரத்துல வந்து சேர்ற இடம்தான் அந்த மிக்சர் டப்பா.

அப்போ வந்திருக்கிறது வயித்துப் பசியா, மனசுப் பசியான்னு எப்படிப் பிரிக்கிறது? ஒரே கேள்வி போதும். "இப்போ ரெண்டு இட்லியும் சாம்பாரும் கொடுத்தா சாப்பிடுவேனா?" சாப்பிடுவேன்னா அது வயித்துப் பசி. உடனே இட்லியே சாப்பிடுங்க, தள்ளிப்போடாதீங்க. "இட்லி வேணாம், மிக்சர்தான் வேணும்"னா மனசு ஏதோ கேக்குது. ரெண்டும் கலந்து வர்றதுதான் அதிகம், அதனால சந்தேகம்னா முதல்ல இட்லி.

காலைச் சாப்பாட்டைச் சரி பண்ணாம சாயங்காலத்தோட சண்டை போடாதீங்க. மூணு இட்லில புரதம் ஆறு கிராம் பக்கம்தான் வரும். கூட ரெண்டு அவிச்ச முட்டை வச்சா இன்னொரு 12 கிராம். முட்டை சாப்பிடாதவங்க ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலோ கெட்டியான பருப்போ சேர்க்கணும். மத்தியானம் சோத்தை ஒரேயடியா வெட்டாம, வழக்கத்துல கால் பங்கு மட்டும் குறைச்சு அந்த இடத்துல கூட்டும் பொரியலும். ரொம்ப முக்கியமானது நாலரை, அஞ்சு மணி. பசி கொதிக்கிறதுக்கு முன்னாடியே ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலையோ சுண்டலோ உள்ள போயிடணும். இதைத்தான் எல்லாரும் "தேவையில்லாத கலோரி"ன்னு வெட்டிடுறாங்க, அங்கதான் தப்பு நடக்குது.

இப்போ தராசைப் பாருங்க. ஒரு நல்ல கைப்பிடி மிக்சர் போடுறேன். 30 கிராம் காட்டுது. சுமார் 160 கலோரி. பாக்கெட் முழுசுக்கு ஆயிரத்தைத் தாண்டும். பாக்கெட்டுக்குள்ள கைய விட்டுட்டே டிவி பார்த்தா எத்தனை கைப்பிடி போச்சுன்னு யாருக்குமே கணக்கு இருக்காது. அதனால கிண்ணத்துல போடுங்க, பாக்கெட்டுக்கு ரப்பர் பேண்ட் போட்டு அலமாரில திரும்ப வச்சுட்டு, அப்புறம் வந்து உக்காந்து சாப்பிடுங்க. இந்த வரிசை மாறக்கூடாது. பாக்கெட்டப் பக்கத்துலயே வச்சா கிண்ணத்துக்கு அர்த்தமே இல்ல. மிக்சருக்குப் பதிலா வெள்ளரிக்கா கடிங்கன்னு நான் சொல்லமாட்டேன். வெள்ளரிக்காயும் தின்னு, அரை மணி நேரம் கழிச்சு மிக்சரும் தின்பாங்க.

மனசுப் பசிக்கு ஒரு வாரம் குறிப்பு எழுதுங்க. நேரம், என்ன சாப்பிடத் தோணுச்சு, அதுக்கு முந்தின அரை மணில என்ன நடந்துச்சு. கலோரி எழுத வேணாம், எழுதினா பரீட்சை மாதிரி ஆகி மூணாம் நாளே நோட்டை மூடிடுவீங்க. சாப்பிடுறதுக்கு முன்னாடி எழுதணும், ராத்திரி மொத்தமா எழுதினா காரணம் மறந்துபோயிருக்கும். ஏழு நாள்ல ரெண்டு மூணு இடம் பளிச்சுனு தெரியும். மாமியார் போன் வெச்சப்புறம், பிள்ளைங்க தூங்கினப்புறம் கிடைக்கிற அந்த முதல் அமைதி, மாதவிடாய்க்கு முந்தின வாரம். எந்த இடம்னு தெரிஞ்சா அதுக்கு ஏத்த மருந்து வேற. தனிமைன்னா யார்கிட்டயாவது பத்து நிமிஷம் பேச்சு. அசதின்னா நேரா படுக்கை. கோபம்னா மொட்டைமாடில நடை. ஆசை அலை மாதிரி ஏறி இறங்கும், பதினைஞ்சு இருபது நிமிஷம் தாண்டிட்டா பெரும்பாலும் வேகம் குறையும். அப்பவும் வேணும்னா கிண்ணத்துல போட்டு நிம்மதியா சாப்பிடுங்க.

ஒரு நாள் கணக்கு மீறிப்போச்சா? "போனது போச்சு, திங்கட்கிழமை பார்த்துக்கலாம்"ங்கிற அந்த நினைப்புதான் 160 கலோரியை ஆயிரமாக்குது. டயட்ல இருக்கிறவங்க ஒரு தடவை மீறினதும் கூடவே அள்ளிச் சாப்பிடுற இந்தப் பழக்கத்தை பீட்டர் ஹெர்மன், ஜேனட் போலிவின்னு ரெண்டு உளவியல் ஆராய்ச்சியாளர்கள் வருஷக்கணக்கா ஆராய்ஞ்சிருக்காங்க. மறுநாள் பட்டினி கிடந்து ஈடுகட்டாதீங்க, அது அடுத்த ராத்திரிக்கு வழி போட்டுக் கொடுக்கும். வழக்கமான நேரத்துக்கு வழக்கமான டிபன்.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவங்க டாக்டர்கிட்ட கேக்காம எந்த வேளையும் தவிர்க்காதீங்க. சில மனநல மாத்திரைகளும் பசியக் கூட்டும், அதை நீங்களா நிறுத்தக்கூடாது, எழுதிக் கொடுத்தவர்கிட்ட சொல்லுங்க. வாரத்துக்கு ஒரு தடவையாவது, மூணு மாசமா, நிறுத்தவே முடியாம ஒளிச்சு வச்சுச் சாப்பிடுறீங்கன்னா, இல்ல சாப்பிட்டுட்டு வாந்தி எடுக்கிறீங்கன்னா, அதுக்கு டயட் சார்ட் உதவாது. அது வைத்தியம் இருக்கிற நோய். மனநல மருத்துவரைப் பாருங்க. நேர்ல போகத் தயக்கமா இருந்தா அரசாங்கத்தோட டெலி மானஸ்ங்கிற மனநல உதவி போன் சேவை இருக்கு, நம்பர் 14416. இருபத்துநாலு மணி நேரமும் இலவசம், தமிழ்லயே பேசலாம்.