வெளிச்சம் முதல்ல, சத்தம் அப்புறம்: 'ஸ்டார் ட்ரெக்: என்டர்பிரைஸ்'

(காட்சி: தடாவில் ஒரு மொட்டை மாடி. வடகிழக்கு வானத்தில் வெள்ளைப் புகைக்கோடு.)

வணக்கம். எங்க ஊர் தடா. தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டி ஆந்திராவுக்குள்ள நுழைஞ்சதும் வரும். ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் இங்கருந்து கிட்டத்தட்ட 25 கிலோமீட்டர். ராக்கெட் கிளம்பினா முதல்ல வெளிச்சம்தான் தெரியும். சத்தம் வந்து சேர ஒரு நிமிஷத்துக்கு மேல ஆகும். அதுவரைக்கும் மாடியில யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க. எத்தனை ராக்கெட் பாத்திருந்தாலும் வயித்துக்குள்ள ஒரு பயம்.

அந்தப் பயத்தை அப்படியே பிடிச்ச ஒரு தொடரைப் பத்தித்தான் இன்னைக்குப் பேசப் போறோம். 2001 செப்டம்பர்ல தொடங்கி 2005 மே வரை ஓடின அமெரிக்க விண்வெளித் தொடர் 'ஸ்டார் ட்ரெக்: என்டர்பிரைஸ்'.

(காட்சி: காலக்கோடு, 2063லிருந்து 2151.)

1966ல வந்த முதல் ஸ்டார் ட்ரெக் கதைக்கு நூறு வருஷத்துக்கு முன்னாடி நடக்குற கதை இது. 2063ல மனுஷன் முதல் தடவையா ஒளியை மிஞ்சிப் பறக்குறான். அதைப் பாத்து வல்கன்கள்ங்கற வேத்துலகவாசிங்க பூமிக்கு வர்றாங்க. வந்தவங்க, "நீங்க இன்னும் தயாராகல"ன்னு சொல்லியே பல வருஷம் நம்மளைப் பிடிச்சு வெச்சுடறாங்க. என்டர்பிரைஸ் விண்கப்பலோட கேப்டன் ஆர்ச்சர். அவரோட அப்பாதான் அதுல இருக்குற, ஒளியை மிஞ்சிப் பறக்க வைக்குற வார்ப் 5 இன்ஜினை வடிவமைச்சவர். அது பறக்கறதைப் பாக்காமலே அவர் போய்ச் சேந்துட்டார். 2151ல மகன் அந்தக் கப்பலை எடுத்துட்டுப் போறார். வல்கன்கள் மேல அவருக்கு ஏன் அவ்வளவு கோவம்னு இப்ப புரியும்.

பிந்தைய கதைகள்ல கப்பலைச் சுத்தி வர்ற ஆற்றல் கேடயம் இதுல கிடையாது. ஆளைக் கரைச்சு வேற இடத்துல சேக்குற டிரான்ஸ்போர்ட்டர் இருக்கு, ஆனா அதுல ஏற எல்லாருக்கும் நடுக்கம். முதல் கதையில ஆர்ச்சர் மாட்டிக்கிட்டப்ப, வேற வழியில்லாமதான் அவரை அதுல இழுக்குறாங்க.

என் மனசுல நின்னது மொழி அதிகாரி ஹோஷி சாட்டோ. மொழிபெயர்ப்புக் கருவி இருக்கு, புது மொழின்னா திணறும். எல்லை ஊர்க்காரங்களுக்கு இந்த அவஸ்தை தெரியும். சந்தையில "எந்த மீன் நல்லாருக்கு?"ன்னு தமிழ்ல கேட்டா, தெலுங்கு மட்டும் தெரிஞ்ச அக்கா விலையைச் சொல்வாங்க. தெலுங்குல 'எந்த'ன்னா 'எவ்வளவு'. அப்புறம் கையைக் காட்டி, முகத்தைப் பாத்து சரி பண்ணிக்குவோம். முதல் சீசன் தொடக்கத்துல, கருவி கைவிட்ட நேரத்துல, அரைகுறையா பிடிபட்ட மொழியில ஒரு வேத்துலகக் கேப்டன்கிட்ட ஹோஷி தானே பேசுறா. அதனாலதான் கப்பலே தப்பிக்குது.

(காட்சி: சைக்கிள் கேரியரில் ராக்கெட் கூம்பு, தும்பா.)

தொடக்கப் பாட்டுல பழைய கப்பல்கள், விமானங்கள், நிலவுப் பயணம்னு நிஜ வரலாறு ஓடும். சைக்கிள்ல ராக்கெட் பாகம் சுமந்த நம்ம தும்பா, கேரளாவுல இருக்குற இந்தியாவோட முதல் ராக்கெட் தளம், அதுல இல்லைங்கறது எனக்கு வருத்தம்தான். 1979 ஆகஸ்ட் 10ல எங்க ஸ்ரீஹரிகோட்டாவுலருந்து, செயற்கைக்கோளைச் சுமக்குற முதல் எஸ்எல்வி-3 ராக்கெட் கிளம்பிச்சு. ஒரு வால்வு கசிஞ்சு கடல்ல விழுந்துடுச்சு. அடுத்த வருஷம் ஜூலை 18ல அதே வகை ராக்கெட்ல ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதைக்குப் போச்சு. தொடர்ல வர்ற மனுஷங்க அந்த ரெண்டு தேதிக்கும் நடுவுல வாழ்றவங்க மாதிரி எனக்குத் தெரியுறாங்க.

மூணாவது சீசன் பூமி மேல நடந்த தாக்குதலைப் பத்தியது, கொஞ்சம் கனம். கடைசி எபிசோடை என்னால மன்னிக்க முடியல. இவங்க கதையை வேற தொடரோட ஆட்களை வெச்சு முடிச்சுட்டாங்க.

ஆனா நாலாவது சீசன்ல வல்கன்களைப் பத்தி தொடர்ந்து மூணு எபிசோட் வரும், விடாதீங்க. அதுல வல்கன் தூதர் ஸோவல் மனசைத் திறக்கிறார். போருக்கு அப்புறம் எழுந்து நிக்க எங்களுக்கு ஏறக்குறைய 1500 வருஷம் ஆச்சு, நீங்க நூறு வருஷத்துக்குள்ள எழுந்துட்டீங்க, அடுத்த நூறு வருஷத்துல என்ன ஆவீங்கன்னு எங்க ஆளுங்களுக்குக் கவலைன்னு.

இத்தனை காலம் தடுத்து வெச்சவங்களுக்கும் அதே பயம்தான் இருந்திருக்கு.