திடலின் சாவி

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

என் கையில் இப்போது ஒரு மட்டை இருக்கிறது. உங்களால் பார்க்க முடியாது என்பதால் மேசையில் ஒருமுறை தட்டிக் காட்டுகிறேன். கேட்டதா? அந்தச் சத்தத்தில்தான் நான் வளர்ந்தேன்.

ஆஷ் என்ற மரத்தில் செய்த மட்டை இது. நிறுத்தி வைத்தால் இடுப்பு உயரம் வரும். நுனி மட்டும் வளைந்து, உள்ளங்கையை விரித்தது போல அகன்றிருக்கும். ஐரிஷ் மொழியில் கமான் என்பார்கள், பேச்சு வழக்கில் ஹர்லி. இதைக்கொண்டு ஆண்கள் ஆடுவது ஹர்லிங், பெண்கள் ஆடுவது கமோகி. உள்ளே தக்கை வைத்து வெளியே தோல் தைத்த சின்னப் பந்து. கிரிக்கெட் பந்தைவிட எடை குறைவு. அதைத் தரையிலும் அடிக்கலாம், காற்றிலும் அடிக்கலாம், மட்டையின் நுனியில் ஏந்திக்கொண்டே ஓடலாம். திடலின் இரு முனைகளிலும் உயரமான கம்பங்கள், நடுவே ஒரு குறுக்குச் சட்டம். சட்டத்துக்குக் கீழே பந்து வலைக்குள் போனால் மூன்று புள்ளி, மேலே பறந்தால் ஒன்று. விதிகள் இவ்வளவு தெரிந்தால் போதும்.

என் அப்பா மருத்துவர். 1960களில் நம் நாட்டிலிருந்து பிரிட்டனின் மருத்துவச் சேவைக்குப் போன எத்தனையோ பேரில் அவரும் ஒருவர். வேலை கிடைத்த இடம், பிரிட்டன் ஆட்சியில் இருக்கும் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட். எல்லைக்குத் தெற்கே இருக்கும் அயர்லாந்து தனி நாடு. வீடு கிடைத்தது நகரத்தின் மேற்குப் பகுதியில். நான் பிறந்தது 1962இல். எனக்கு ஏழு வயதாகும்போது, 1969இல், அந்த ஊரில் மோதல் வெடித்தது. பிரிட்டனோடே இருக்க வேண்டும் என்றவர்கள் ஒரு பக்கம், பெரும்பாலும் புராட்டஸ்டன்ட் மக்கள்; தெற்கோடு சேர வேண்டும் என்றவர்கள் மறு பக்கம், பெரும்பாலும் கத்தோலிக்க மக்கள். 1998 சமாதான ஒப்பந்தம் வரை அது ஓயவில்லை. ஏறக்குறைய 3,500 பேர் இறந்தார்கள். ஒருவரின் பெயரைக் கேட்டாலே, படித்த பள்ளியைக் கேட்டாலே, அவர் எந்தப் பக்கத்தவர் என்று சொல்லிவிடும் ஊர் அது. எங்கள் பெயரை வைத்து யாரும் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் எட்டாவது வயதில் பக்கத்து வீட்டுப் பெண்களோடு திடலுக்குப் போய் இந்த மட்டையைக் கையில் எடுத்த நாளிலிருந்து, தெருவில் நடந்தால் மட்டையே என் அடையாளமாகிவிட்டது. அது கத்தோலிக்க மக்களின் விளையாட்டு, அயர்லாந்து ஒன்றாக வேண்டும் என்று எண்ணியவர்களின் விளையாட்டு என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

எனக்குப் பதினான்கு வயதிருக்கும். குளிர்கால மாலை, நான்கு மணிக்கே இருட்டிவிட்டது. பயிற்சி முடிந்து வந்துகொண்டிருந்தேன். ரோந்து வந்த பிரிட்டன் ராணுவத்தினர் தெருமுனையில் நிறுத்தினார்கள். பையைத் திறந்து காட்டினேன். அவர்களில் இளையவர் ஒருவர் மட்டையை வாங்கி, எடை பார்ப்பது போல இரண்டு முறை ஏற்றி இறக்கினார். இது ஹாக்கியா என்று கேட்டார். இல்லை, இதில் பந்து தலைக்கு மேலே பறக்கும் என்றேன். தான் பள்ளியில் ஹாக்கி ஆடியதாகச் சொன்னார். பிறகு மட்டையைத் திருப்பி, கைப்பிடிப் பக்கம் என்னிடம் வரும்படி நீட்டினார். கைப்பிடி என் பக்கம் வந்தது எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். “உன்னைவிட நாலைந்து வயது மூத்தவனாக இருப்பானா? அவனைப் பெற்றவள் எந்த ஊரில் உட்கார்ந்து கவலைப்படுகிறாளோ” என்றாள். மறுநாள் மாலை வழக்கம்போல என்னைப் பயிற்சிக்கு அனுப்பினாள்.

மட்டையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இதைப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்த மனம் வராது. ஆஷ் மரத்தின் எல்லாப் பகுதியும் ஹர்லிக்கு ஆகாது. தரையை ஒட்டிய அடிமரம்தான் வேண்டும். வேர் மண்ணுக்குள் இறங்குமிடத்தில் மரம் விரிந்து வளையும் அல்லவா? அங்கே மரத்தின் இழையும் கூடவே வளைந்து ஓடும். அந்த வளைவுதான் மட்டையின் நுனியாகிறது. நேரான பலகையை வாங்கி வளைவாக அறுத்தால், இழை குறுக்கே வெட்டுப்பட்டு முதல் மோதலிலேயே பிளந்துவிடும். வேரின் வளைவு அப்படியே மட்டையின் வளைவாக வந்தால் அடி தாங்கும், கைக்கு அதிர்ச்சியும் ஏறாது. அதனால் நல்ல தச்சர் மரத்தை மண்மட்டத்தோடு வெட்டுவார், வேரையும் கொஞ்சம் தோண்டி எடுப்பார். இருபத்தைந்து, முப்பது ஆண்டு வளர்ந்த மரம் தேவை. நுனி பிளக்காமலிருக்கத் தகரப் பட்டை சுற்றி ஆணி அடிப்பார்கள். நாங்கள் ஆளி விதை எண்ணெய் தடவி வைப்போம். உடைந்தால் தூக்கி எறிய மாட்டோம், ஒட்டிப் பட்டை போடுவோம். என் முதல் மட்டை மூன்று முறை பட்டை போட்டது. அதற்கு முன்னால் அது இன்னொரு பெண்ணின் மட்டை. அவளுக்கு முன்னால் அவள் அக்காவின் மட்டை.

இப்போது அந்த மரங்களுக்கு ஒரு பூஞ்சை நோய் வந்திருக்கிறது. 2012இல் அயர்லாந்தில் முதன்முதலாகக் கண்டார்கள். மரங்கள் நுனியிலிருந்து பட்டுப்போகின்றன. மூங்கிலிலும் செயற்கைப் பொருளிலும் மட்டை வந்துவிட்டது. நன்றாகத்தான் அடிக்கின்றன என்கிறார்கள். சத்தம் வேறு.

சரி, திடலுக்கு வருகிறேன்.

இந்த ஆட்டங்களை நடத்தும் சங்கம் 1884 நவம்பர் 1 அன்று, தர்லஸ் என்ற ஊரில் ஒரு ஹோட்டலில் மைக்கேல் கியூசாக் முதலான சிலர் கூடித் தொடங்கியது. ஆங்கில ஆட்சிக் காலத்தில், எங்கள் ஆட்டத்தை நாங்களே ஆடுவோம் என்று தொடங்கிய சங்கம். கேலிக் அத்லெடிக் அசோசியேஷன், சுருக்கமாக ஜி.ஏ.ஏ. என்பார்கள். கமோகிக்குத் தனிச் சங்கம், 1904இல் வந்தது. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான்: பிறந்து வளர்ந்த ஊருக்கு ஆடுவாய், சம்பளம் கிடையாது. டப்ளினில் குரோக் பார்க் என்ற மைதானம் இருக்கிறது, 82,000 பேர் ஆட்டம் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை அங்கே அத்தனை பேர் முன்னால் ஆடியவர், திங்கட்கிழமை காலையில் பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுப்பார், அல்லது யார் வீட்டிலாவது மின்கம்பி இழுப்பார். சம்பளம் கிடையாது என்பதை இன்னொரு முறை சொல்கிறேன். ஆடுபவருக்கு மட்டுமல்ல, கோடு போடுபவருக்கும், சட்டை துவைப்பவருக்கும், கேட்டைத் திறப்பவருக்கும் கிடையாது.

எங்கள் திடலின் கேட்டைத் திறந்தவர் ஒரு பெரியவர். பேர் சொல்ல வேண்டாம். கனத்த கம்பளிக் கோட்டு, பையில் சாவிக் கொத்து. மாலை ஆறு மணிக்குத் திறப்பார். முந்தின இரவு தெருவில் கலவரம் நடந்திருந்தால், எங்களை வாசலிலேயே நிறுத்திவிட்டு, தான் மட்டும் உள்ளே போய்ப் புல்லில் கிடக்கும் கண்ணாடிச் சில்லுகளைக் குனிந்து குனிந்து பொறுக்குவார். வாளி நிறைந்த பிறகுதான் எங்களை உள்ளே விடுவார். இரண்டு பஸ்கள் எரிந்து தெருமுனையில் புகைந்துகொண்டிருந்த நாளில்கூட ஆறு மணிக்குச் சாவி திரும்பியது. அவர் எந்தக் கட்சி, யாருக்கு ஓட்டுப் போட்டார் என்று எனக்குத் தெரியாது. கேட்டைத் திறந்தார், அதனால் நாங்கள் ஆடினோம். எத்தனையோ ஆட்டக்காரர்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அந்த மக்களின் வாழ்க்கை அறுந்துபோகாமல் பிடித்து வைத்தவர்கள் இப்படிச் சாவி வைத்திருந்தவர்கள் என்றுதான் நான் நம்புகிறேன்.

ஏனென்றால் திடல்களே அப்போது பறிபோயின. மேற்கு பெல்ஃபாஸ்டின் பெரிய மைதானம் கேஸ்மெண்ட் பார்க், 1953இல் திறந்தது. 1972, 73இல் ராணுவம் அதைப் பிடித்து முகாம் போட்டது. ஆர்மா மாவட்டத்தின் தெற்கே எல்லையோரம் கிராஸ்மக்லென் என்றொரு சிற்றூர். அங்கே அதே சங்கத்தின் இன்னொரு ஆட்டமான கேலிக் கால்பந்து ஆடுவார்கள், பந்தைக் கையாலும் பிடிக்கலாம். அந்த ஊர்க் கழகத்தின் திடலை ஒட்டியே ராணுவ முகாம் எழுந்தது, திடலின் ஒரு பகுதி முகாமுக்குள் போனது. ஹெலிகாப்டர்கள் தலைக்கு மேலே இறங்கும், ஏறும். அதற்குக் கீழேயே பயிற்சி நடக்கும். அந்தக் கழகம் 1997இல் அயர்லாந்து முழுமைக்குமான கழகக் கோப்பையை வென்றது. வேலிக்கு அப்பால் அப்போதும் முகாம் இருந்தது. 1999இலும் 2000த்திலும் மறுபடி வென்றது. முகாம் காலியானது 2007இல்.

சாவி என்றேன். டெரி மாவட்டத்தில் பெல்லாகி என்ற ஊர், கவிஞர் ஷேமஸ் ஹீனி அடக்கமான மண். அந்த ஊர்க் கழகத்தின் தலைவர் ஷான் பிரவுன். வயது 61. 1997 மே 12 இரவு, கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு கழகத்தின் கேட்டைப் பூட்டிக்கொண்டிருந்தார். பிரிட்டனோடே இருக்க வேண்டும் என்ற விசுவாசத் தரப்பின் ஆயுதக்குழு ஒன்றைச் சேர்ந்தவர்கள் அவரைக் கடத்திக்கொண்டு போய்ச் சுட்டுக் கொன்றார்கள். கேட்டைப் பூட்டிய நேரத்தில், நேயர்களே. அவர் குடும்பம் நீதி கேட்டு நீதிமன்றப் படி ஏறியது கால் நூற்றாண்டுக்கும் மேல். செய்தி கேட்ட அன்று எனக்கு எங்கள் பெரியவரின் சாவிக் கொத்துதான் நினைவுக்கு வந்தது.

அதற்கு முன்னால், 1988 பிப்ரவரி 21. ஏடன் மக்கனெஸ்பி என்ற 23 வயது இளைஞர், டைரோன் மாவட்டத்து ஆக்னக்லாய் எல்லைச் சாவடியைக் கடந்து தன் கழகத்தின் திடலை நோக்கி நடந்துபோகும்போது ராணுவக் குண்டுக்குப் பலியானார். சுட்டவருக்கு எதிரான தீர்ப்பு 2022இல்தான் வந்தது. அதே 1988, அடுத்த மாதம், மார்ச் 19. மேற்கு பெல்ஃபாஸ்டில் ஒரு சவ ஊர்வலத்துக்குள் காரில் வந்து மாட்டிக்கொண்ட இரண்டு ராணுவத்தினரைக் கூட்டம் இழுத்துச் சென்றது கேஸ்மெண்ட் பார்க்குக்குள். அங்கே அடித்தார்கள். பக்கத்துக் காலி மனையில் ஐ.ஆர்.ஏ., அயர்லாந்து ஒன்றாக வேண்டும் என்று ஆயுதம் ஏந்திய குழு, சுட்டுக் கொன்றது. நாங்கள் ஆட்டம் பார்த்து ஆரவாரித்த மைதானம் அது. இதைச் சொல்லாமல் முதலாவதை மட்டும் சொன்னால் நான் உண்மையைப் பேசியவள் ஆக மாட்டேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஜி.ஏ.ஏ.வில் 21ஆம் விதி என்று ஒன்று இருந்தது. பிரிட்டன் ராணுவத்தினரும் வட அயர்லாந்துக் காவல்துறையினரும் உறுப்பினராகக் கூடாது. அந்தச் சங்கத்துக்கு ஆழமான காயங்கள் உண்டு. 1920 நவம்பர் 21 அன்று குரோக் பார்க்கில் ஆட்டம் பார்க்க வந்த கூட்டத்தை அரச படையினர் சுட்டதில் 14 பேர் இறந்தார்கள், ஆடிக்கொண்டிருந்த மைக்கேல் ஹோகன் உட்பட. ஆனாலும் அந்த விதி தவறு என்பதே என் எண்ணம். அப்பா எல்லாத் தரப்பினருக்கும் சிகிச்சை செய்தவர். அவர் வார்டில் ஒருமுறை ஒரு காவலர் படுத்திருந்தார். அப்பாவின் காரில் என் மட்டையைப் பார்த்ததாகச் சொல்லி, சிறுவயதில் தானும் ஆடியதாகவும், காவல் வேலையில் சேர்ந்த அன்றோடு அது முடிந்ததாகவும் சொன்னாராம். “ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாரம்மா” என்றார் அப்பா என்னிடம். அந்த விதி 2001 நவம்பரில்தான் நீங்கியது, அதே மாதம்தான் புதிய காவல்துறையும் தொடங்கியிருந்தது. மறு ஆண்டே காவலர்களின் அணி ஒன்று களமிறங்கியது.

நேரம் கரைகிறது. ஆனால் 1989ஐச் சொல்லாமல் போக மாட்டேன். எங்கள் ஆன்ட்ரிம் மாவட்டத்தின் ஹர்லிங் அணி 1943க்குப் பிறகு அயர்லாந்து முழுமைக்குமான கோப்பையின் இறுதி ஆட்டத்தைப் பார்த்ததே இல்லை. ஹர்லிங் என்றாலே தெற்கு மாவட்டங்கள்தான் என்பது எழுதாத சட்டம். அந்த ஆகஸ்டில் குரோக் பார்க் அரையிறுதியில் ஆஃபலி அணியை ஒன்பது புள்ளி வித்தியாசத்தில் வென்றோம். நான் அங்கே இருந்தேன், காவி நிறத் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு. எங்கள் நிறம் அது, காவியும் வெள்ளையும். ஊதல் ஊதியது. தோற்ற ஆஃபலி ஆட்டக்காரர்கள் உடை மாற்றும் அறைக்குப் போகவில்லை. இரண்டு வரிசையாகப் பிரிந்து எதிரெதிரே நின்றார்கள். நடுவே எங்கள் ஆட்டக்காரர்கள் நடந்து போக, இருபுறமும் கை தட்டினார்கள். இறுதி ஆட்டத்துக்குப் போகும் வாய்ப்பை அப்போதுதான் இழந்தவர்கள் அவர்கள். எல்லைக்கு வடக்கே இருக்கும் எங்களைத் தெற்கே பலர் மறந்துவிட்டார்கள் என்று நினைத்து வளர்ந்தவர்கள் நாங்கள். என் பக்கத்தில் நின்ற ஒருவர், முன்பின் தெரியாதவர், என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். இறுதி ஆட்டத்தில் டிப்பரேரியிடம் 18 புள்ளியில் தோற்றோம். அதைப் பற்றி எனக்குப் பெரிய வருத்தம் இருந்ததில்லை. அந்த இரண்டு வரிசைகளை நான் பார்த்துவிட்டேன்.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து இரண்டு விரல் காட்டுகிறார்கள், இன்னும் இரண்டு நிமிடம். பெண்களின் ஆட்டத்தைப் பற்றி நிறையக் குறித்து வந்தேன். எங்கள் காலத்தில் அணிக்குப் பன்னிரண்டு பேர், பாவாடை கட்டாயம். 1979இல் ஆன்ட்ரிம் பெண்கள் அயர்லாந்துக் கோப்பையை வென்றார்கள், ஆண்களின் ஹர்லிங் அணி இன்றுவரை தொடாத கோப்பை. ஆட்டக்காரிகள் அரைக்கால் சட்டை அணியலாம் என்று வாக்களித்தது 2025 மே மாதத்தில்தான்! கேஸ்மெண்ட் பார்க் 2013இலிருந்து பூட்டிக் கிடக்கிறது, புதிதாகக் கட்டும் பேச்சு நடந்துகொண்டே இருக்கிறது.

கடைசியாக ஒன்று. 2020இல் கிழக்கு பெல்ஃபாஸ்டில் ஒரு கழகம் தொடங்கினார்கள். கிழக்கு என்றால் கப்பல் கட்டும் தளத்தின் பக்கம், பெரும்பாலும் புராட்டஸ்டன்ட் மக்கள் வாழும் பக்கம். நான் வளர்ந்தபோது இந்த மட்டையோடு அந்தத் தெருக்களில் நடப்பதை நினைத்துப் பார்க்கவே முடியாது. அவர்கள் சின்னத்தில் கப்பல் தளத்தின் கிரேன்கள் இருக்கின்றன, ஒன்றாக என்ற சொல் ஆங்கிலம், ஐரிஷ், வடக்கில் பேசும் ஸ்காட்டிஷ் கிளைமொழியான அல்ஸ்டர் ஸ்காட்ஸ் மூன்றிலும் இருக்கிறது. அங்கே பெண்கள் கமோகி ஆடுகிறார்கள். எல்லோரும் வரவேற்கவில்லை, எதிர்ப்பும் மிரட்டலும் வந்தன. ஆனாலும் மாலையில் யாரோ ஒருவர் போய்க் கேட்டைத் திறக்கிறார்.

விளக்கு எரிந்துவிட்டது. வணக்கம்.